செயற்குறிப் பணிமிகுப்பும் அணிநிகர் தரவினங்களும்: ஒரு பொருண்மையியல் நோக்கு

0. முன்னுரை

கணிப்பொறி நிரல்மொழிகள் செயற்கை மொழிகள். ஐயத்திற்கு இடமின்றி ஒரு குறிக்கு ஒரு பொருளே அமையுமாறு அவை ஆக்கப்பட்டவை என்னும் கருத்து மொழியியலாரிடையே பரவலாக உண்டு. இயற்கை மொழியின் பல்பொருள் தன்மையை எடுத்துக்காட்ட விழைவோர், அதற்கு எதிர்முனையாக நிரல்மொழியை நிறுத்துவதும் வழக்கம். ஆயின் இன்று வழக்கிலுள்ள நிரல்மொழிகளுள் பெரும்பாலானவற்றில் + என்னும் ஒரே குறி முழு எண்களைக் கூட்டுகிறது. பின்ன எண்களைக் கூட்டுகிறது. எழுத்துச் சரங்களை ஒட்டுகிறது. சிலவற்றில் நிரலாளர் தாமே படைத்த புதிய தரவினங்களுக்கும் அவர் விதித்த பொருளில் வழங்குகிறது. ஒரு செயற்குறிக்கு இவ்வாறு பல பொருள் ஏற்றும் முறையே செயற்குறிப் பணிமிகுப்பு எனப்படுகிறது.

இப்பணிமிகுப்பு அணிகளிடத்தும் அணி போல நடக்கும் தரவினங்களிடத்தும் எவ்வாறு செயற்படுகிறது என்பதையும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் இடர்ப்பாடுகளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிப்பொறியியல் பாடநூல்களில் வழங்கும் செயற்குறி, செயலேற்பி, தரவினம், நிரல்பெயர்ப்பி, பணிமிகுப்பு ஆகிய சொற்களே இங்கும் கையாளப்படுகின்றன. செயற்குறி எதன்மீது செயற்படுகிறதோ அது செயலேற்பி. நிரல் வரிசையாகவும் நிரையாகவும் எண்களை அடுக்கிக் கணித முறையில் கையாளும் அமைப்பு, இங்குத் தாயம் என்று குறிக்கப்படும். அதன் காரணம் ஆறாம் பகுதியில் கூறப்படும்.

1. பலபொருள் ஒருசொல்லும் பல்பொருட் குறியும்

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துகிறது. வினை வேறுபடுவது ஒன்று. வினை வேறுபடாதது மற்றொன்று. முன்னதன் பொருளைத் தெளிவதற்கு வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும் துணைநிற்கும். பின்னதனைச் சொல்லுவோர் வெளிப்படையாகக் கிளந்து கூறுதல் வேண்டும். ‘படியில் ஏறினான்’, ‘படியால் அளந்தான்’ என்னும் தொடர்களில் வினையே பொருளைக் காட்டிவிடுகிறது. ‘படியைப் பார்த்தான்’ என்றவழி வினை உதவாது; மாடிப்படி என்றோ அளக்கும்படி என்றோ கிளந்து கூறியாகவேண்டும்.

நிரல்மொழியிலும் ஏறத்தாழ இவ்விரு வழிகளே உள்ளன. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவாகி 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் + குறி முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் பொதுவாக இருந்தது. பொறியினுள் இவ்விரண்டும் வேறு வேறு கட்டளைகள். எக்கட்டளையைத் தெரிவது என்பதைச் செயலேற்பியின் தரவினம் முடிவு செய்தது. அத்தரவினமோ மாறிப் பெயரின் முதலெழுத்தால் அறியப்பட்டது. ஐ முதல் என் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளுள் ஒன்றில் தொடங்கும் பெயர் முழு எண்ணைக் குறித்தது. தமிழ் வினைமுற்றில் ஈற்றெழுத்து பால் காட்டுவதுபோல அம்மொழியில் முதலெழுத்து இனங்காட்டிற்று எனலாம்.

இம்முறையைக் கோட்பாட்டு நிலையில் பகுத்தவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி. 1967இல் கோபன்ஹேகனில் ஆற்றிய விரிவுரைகளில் அவர் பல்லுருத்தன்மையை இருவகையாகப் பிரித்தார். எல்லா இனங்களுக்கும் ஒரே செயல்முறை பொருந்துவது ஒருவகை. இனந்தோறும் தனித்தனிச் செயல்முறை எழுதப்பட்டு, அவை ஒரே பெயரால் வழங்குவது மற்றொரு வகை. பணிமிகுப்பு இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். நிரல்பெயர்ப்பிக்குப் பணிமிகுப்பால் ஐயம் தோன்றுவதில்லை. இனங்களை நோக்கி அது ஒரு பொருளைத் தேர்கிறது. தேர இயலாவிடின் பிழை என மறுத்துவிடுகிறது. ஐயம் தோன்றுவது நிரலைப் படிக்கும் மாந்தர்க்கே. அ + ஆ என்னும் கோவையை மட்டும் கண்ணுறும் ஒருவர், அ, ஆ ஆகியவற்றின் இனம் அறியாதவரை அதன் பொருளை அறியமாட்டார்.

2. நிரல்மொழிகள் கொண்ட நிலைப்பாடுகள்

நிரலாளர் தாமே பொருளேற்றும் உரிமையை நிரல்மொழிகள் ஒரே அளவில் வழங்கவில்லை. அல்கால் 68 மொழியில் புதிய செயற்குறிகளைப் படைக்கலாம். அவற்றின் முன்னுரிமையையும் விதிக்கலாம். ஏடா மொழி (1983) இருக்கின்ற குறிகளுக்குப் புதுப்பொருள் ஏற்ற இடந்தந்தது. செயலேற்பியின் இனத்தை மட்டுமன்றி, எதிர்பார்க்கப்படும் விளைவின் இனத்தையும் நோக்கி அது பொருள் தெரியும். தொல்காப்பியர் கூறும் இனம், சார்பு ஆகிய இரண்டுமே இங்குப் பயன்படுகின்றன எனலாம்.

பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் உருவாக்கி 1985இல் வணிக வெளியீடு பெற்ற சி++ மொழி இடைநிலையை மேற்கொண்டது. புதுக்குறி படைத்தல் ஆகாது. குறியின் முன்னுரிமையையும் செயலேற்பிகளின் எண்ணிக்கையையும் மாற்றலாகாது. செயலேற்பிகளுள் ஒன்றேனும் நிரலாளர் படைத்த இனமாக இருத்தல் வேண்டும். ஆதலின் இரு முழு எண்களின் கூட்டலை எவரும் திரித்துவிட இயலாது. மொழியியல் வழக்கில் கூறுவதாயின், இம்மொழி தொடரியலை நிலையாக நிறுத்திப் பொருண்மையை மட்டும் திறந்துவிட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். அடுக்கேற்றத்திற்கு ^ குறியைப் பயன்படுத்த ஒருவர் விழைகிறார் எனக் கொள்வோம். சி++ மொழியில் அக்குறியின் முன்னுரிமை கூட்டற்குறியினும் தாழ்ந்தது. எனவே அ ^ 2 + 1 என்பது ‘அ-வின் இருபடியுடன் ஒன்று’ என்று பொருள்படாமல் ‘அ-வின் மூன்றாம் படி’ என்றே பகுக்கப்படும். பொருளை மாற்ற முடிந்தவரால் தொடரமைப்பை மாற்ற முடியவில்லை.

1995இல் வெளிவந்த ஜாவா நிரலாளர்க்கு இவ்வுரிமையை அறவே மறுத்தது. ஆயினும் எழுத்துச் சரங்களை ஒட்டுவதற்கு அம்மொழியே + குறியைப் பயன்படுத்திக்கொண்டது. பல்பொருள் தன்மையை விலக்க முனைந்த மொழியும் அதனை முற்றும் விலக்க இயலவில்லை என்பது இதனால் புலனாகும்.

3. அணிநிகர் தரவினமும் சுட்டுக்குறியும்

அணி என்பது ஒரே இன மதிப்புகள் வரிசையாக அமைந்த தொகுதி. அதன் உறுப்பை எண்ணால் சுட்டிப் பெறலாம். நிரலாளர் தாமே ஓர் இனத்தைப் படைத்து, அதனையும் சதுர அடைப்புக்குறியால் சுட்டுமாறு செய்தால் அதனை அணிநிகர் தரவினம் என்று கூறலாம். அதன் உள்ளமைப்பு அணியாக இருக்கவேண்டிய தேவையில்லை. பெரும்பகுதி சுழியாக உள்ள ஒரு தொகுதியில் சுழியல்லாத உறுப்புகளை மட்டும் சேமித்துவைத்து, அ[900] என்று கேட்டால் சுழியை விடையளிக்கும் இனத்தைப் படைக்கலாம். பயன்படுத்துவோர்க்கு அது ஆயிரம் உறுப்புள்ள அணியாகவே தோன்றும்.

இங்குச் சதுர அடைப்பும் ஒரு செயற்குறியே. அதற்கு இருவேறு இலக்கணப் பணிகள் உள்ளன. இ = அ[2] என்பதில் உறுப்பின் மதிப்பு வேண்டப்படுகிறது; அ[2] = 7 என்பதில் மதிப்பை இருத்தும் இடம் வேண்டப்படுகிறது. வடிவம் ஒன்று, நிலைக்கேற்பப் பணி இரண்டு. சி++ மொழியில் அடைப்புச் செயற்குறி மதிப்பைத் தராமல் அவ்விடத்திற்கான குறிப்பைத் தரலாம். அக்குறிப்பு இருபாலும் நிற்கவல்லது. பைத்தான் மொழியில் இவ்விரு பணிகளுக்கும் தனித்தனிச் செயற்கூறுகளை எழுதவேண்டும். மதிப்பிருத்தற் குறியின் இடப்பக்கம் நிற்கிறதா வலப்பக்கம் நிற்கிறதா என்று நோக்கி மொழியே உரியதனைத் தெரிந்துகொள்ளும். முன்னது ஒரே வடிவம் இருநிலைக்கும் பொதுவாதல். பின்னது மேற்பரப்பில் ஒன்றாயினும் அடிநிலையில் இருவேறாதல்.

பல பரிமாண அணிகளில் மற்றொரு சிக்கல் தோன்றியது. கணித வழக்கைப் பின்பற்றி அ[1, 2] என்று எழுத நிரலாளர் விழைவர். ஆனால் சி++ மொழியில் காற்புள்ளியும் ஒரு செயற்குறி. இடப்பக்கத்தைக் கணித்துக் கைவிட்டு வலப்பக்க மதிப்பைத் தருவது அதன் பணி. ஆகவே அ[1, 2] என்பது நெடுங்காலம் அ[2] என்றே பொருள்பட்டது. இதனைத் தவிர்க்கப் பலர் வளைந்த அடைப்பை ஏற்று அ(1, 2) என எழுதலாயினர். 2020ஆம் ஆண்டுத் தரநிலை அடைப்பினுள் காற்புள்ளியின் பழம்பொருளைக் கைவிடத்தக்கது என அறிவித்தது. 2023ஆம் ஆண்டுத் தரநிலை பல சுட்டெண்களை ஏற்றது. பழைய பொருளை நீக்கி இடத்தை வெறுமையாக்கிய பின்னரே புதிய பொருளுக்கு இடம் கிடைத்தது.

ஃபோர்ட்ரான், ஏடா ஆகியவற்றில் வளைந்த அடைப்பே சுட்டுக்குறியாகும். அங்கு அ(2) என்பது அணியின் உறுப்பாகவும் இருக்கலாம். செயற்கூற்று அழைப்பாகவும் இருக்கலாம். அறிவிப்புப் பகுதியை நோக்கியே பொருள் தெளியவேண்டும். இது குறைபாடாகத் தோன்றினும் ஒரு நயம் உண்டு: சேமித்த மதிப்பைப் பெறுவதும் கணித்து மதிப்பைப் பெறுவதும் பயன்படுத்துவோர்க்கு ஒன்றே என்னும் கருத்தை அது உணர்த்துகிறது.

4. கூட்டற்குறி: கூடுவது எது?

பைத்தான் மொழியில் பட்டியல் என்னும் தரவினம் அம்மொழியுடனேயே அமைந்தது. நம்பை என்பது எண்கணிப்புக்கெனப் பிற்காலத்தில் எழுதப்பட்ட தொகுப்பு; அதன் அணி ஓர் அணிநிகர் தரவினம். இரண்டும் சதுர அடைப்பால் சுட்டப்படுபவை. அச்சிட்டால் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை. ஆயினும் [1, 2, 3] + [10, 20, 30] என்பது பட்டியல்களாயின் [1, 2, 3, 10, 20, 30] என்னும் ஆறு உறுப்புகளையும், நம்பை அணிகளாயின் [11, 22, 33] என்னும் மூன்று உறுப்புகளையும் தரும்.

இவ்விரு பொருளும் தொடர்பற்றவை அல்ல. ஒட்டுதலில் நீளங்கள் கூடுகின்றன. உறுப்புவாரிக் கூட்டலில் மதிப்புகள் கூடுகின்றன. இரண்டிலும் கூடுதல் உண்டு. கூடுவது எது என்பதில்தான் வேற்றுமை. எண் கூட்டலிலிருந்து உறுப்புவாரிக் கூட்டலுக்குச் செல்லுங்கால் கணிதப் பண்புகள் பெரும்பாலும் நிலைக்கின்றன. அ + ஆ என்பதும் ஆ + அ என்பதும் ஒன்றே. ஒட்டுதலில் அப்பண்பு அழிகிறது. எது முன் நிற்கிறது என்பது பொருளை மாற்றும். எனவே முன்னதனைப் பொருள் விரிவு என்றும், பின்னதனை உருவக வழிப்பட்ட பொருள் மாற்றம் என்றும் கொள்வது தகும்.

பெருக்கற்குறியிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். [1, 2] * 3 என்பது பட்டியலாயின் [1, 2, 1, 2, 1, 2]. நம்பை அணியாயின் [3, 6]. இரண்டுமே அ + அ + அ என்பதன் சுருக்கமே. + குறிக்கு ஒரு பொருளைத் தெரிந்தவுடன் * குறியின் பொருள் தானே அமைந்துவிடுகிறது. செயற்குறிகள் தனித்தனியே நில்லாமல் ஒரு பொருட்புலமாக நிற்கின்றன என்பது இதனால் பெறப்படும். ஏடா மொழி ஒட்டுதலுக்கு & என்னும் தனிக்குறியை வைத்து இவ்வுருவகத்தை முன்னரே விலக்கிக்கொண்டது.

5. பெருக்கற்குறியும் ஒப்பீட்டுக்குறியும்

இரு தாயங்களைப் பெருக்குதற்கு இரு முறைகள் உண்டு. முதல் தாயத்தின் நிரைகள் (1, 2), (3, 4) எனவும், இரண்டாவதன் நிரைகள் (5, 6), (7, 8) எனவும் கொள்வோம். உறுப்புவாரிப் பெருக்கலின் விளைவு (5, 12), (21, 32). தாயப் பெருக்கலின் விளைவு (19, 22), (43, 50). இரண்டும் நாள்தோறும் வேண்டப்படுபவை. செயலேற்பிகளின் இனமும் இரண்டிலும் ஒன்றே. ஆதலின் இனம் நோக்கிப் பொருள் தெளியும் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது. தொல்காப்பியர் கூறும் வேறுபடாத வகை இதுவே. கிளந்து கூறுதல் ஒன்றே வழி.

மொழிகள் இதனை வெவ்வேறு வகையில் கிளந்தன. மேட்லேப் மொழி * குறியைத் தாயப் பெருக்கலுக்கு உரியதாக்கி, உறுப்புவாரிப் பெருக்கலுக்குப் புள்ளி சேர்த்து .* என்றது. ஆர் மொழி இதற்கு நேர்மாறாக * குறியை உறுப்புவாரிப் பெருக்கலுக்கு வைத்துத் தாயப் பெருக்கலை %*% என்றது. ஃபோர்ட்ரான் 90 மொழியும் * குறியை உறுப்புவாரியாகக் கொண்டு, தாயப் பெருக்கலைப் பெயருடைய செயற்கூறாக்கியது. மொழியியலார் கூறும் அடையாளம் பெற்ற வடிவம், பெறா வடிவம் என்னும் பாகுபாடு இங்குப் பொருந்தும். எப்பொருளை இயல்பாகக் கருதுகிறதோ அதற்கு ஒவ்வொரு மொழியும் அடையாளமற்ற வடிவத்தை அளித்துள்ளது.

பைத்தானில் நிகழ்ந்தது படிப்பினை தருவது. நம்பைத் தொகுப்பில் அணி, தாயம் என ஈரினங்கள் இருந்தன. * குறி அணிக்கு உறுப்புவாரிப் பொருளையும் தாயத்திற்குத் தாயப் பெருக்கற் பொருளையும் தந்தது. இருவர் எழுதிய நிரற்பகுதிகளை இணைத்தபோது, ஒருவர் தந்த தரவின் இனம் மற்றவர் எதிர்பார்த்த இனமாக இராதவிடத்து, பிழைச்செய்தி ஏதுமின்றித் தவறான எண்கள் விளைந்தன. செயற்கூற்றின் உரையை எத்துணை ஊன்றிப் படித்தாலும் * குறியின் பொருளை உறுதிப்படுத்த இயலவில்லை. இதற்குத் தீர்வாகத் தாயப் பெருக்கலுக்கு @ என்னும் தனிக்குறி வேண்டுமென 2014இல் முன்மொழியப்பட்டது. 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5 பதிப்பில் அது இடம்பெற்றது. ஒரு பொருளைப் பிரித்தெடுத்துப் புதுவடிவம் கொடுத்த இந்நிகழ்வு, ஐயந்தரும் சொல்லை மக்கள் கைவிட்டுப் புதுச்சொல்லை மேற்கொள்ளும் மொழி மாற்றத்தை ஒத்தது.

ஒப்பீட்டுக்குறியில் சிக்கல் வேறு வகையானது. இரு பட்டியல்கள் சமமா எனக் கேட்டால் உண்மை அல்லது பொய் என ஒரு விடை வரும். இரு நம்பை அணிகளை அவ்வாறு கேட்டால், உறுப்புதோறும் ஒரு விடையாக விடைகளின் அணி வரும். ‘எல்லாரும் வந்தனரா?’ என்னும் வினாவும் ‘யார் யார் வந்தனர்?’ என்னும் வினாவும் ஒரே வடிவில் அமைந்ததுபோன்ற நிலை இது. விடைகளின் அணியை நிபந்தனையாகக் கொடுத்தால் நம்பை பொருளைத் தானே ஊகித்துக்கொள்வதில்லை. உண்மை மதிப்பு ஐயத்திற்குரியது என்று பிழை காட்டி, எல்லாமா ஏதேனும் ஒன்றா எனக் கிளந்து கூறுமாறு கேட்கிறது. சி++ மொழியிலும் வெக்டர் என்னும் இனம் ஒரு விடையையும், வால்அரே என்னும் இனம் விடைத் தொகுதியையும் தருகின்றன.

6. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

6.1. ஆங்கில நூல்களில் + குறிக்கு விளக்கமாக வரும் வினைச்சொல் ஒட்டுதல், கூட்டல் ஆகிய இரண்டனையும் தழுவி நிற்பதுண்டு. தமிழில் ‘கூட்டு’, ‘சேர்’, ‘ஒட்டு’ என்பன வேறு வேறு. கட்டுரையாளர் மேற்பார்வையிட்ட ஒரு பயிற்சி நூல் மொழிபெயர்ப்பில் ‘இரு பட்டியல்களையும் கூட்டுக’ என்ற கட்டளை இருந்தது. அதனைப் படித்த மாணவர் சிலர் உறுப்புக்கு உறுப்பு கூட்டி மூன்று எண்களை விடையாக எழுதினர்; நூலின் விடைப்பகுதியில் ஆறு எண்கள் இருந்தன. தவறு மாணவருடையது அன்று. தமிழ்ச் சொல்லின் பொருளை அவர்கள் சரியாகவே கொண்டனர். அடுத்த படியில் அது ‘ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுக’ எனத் திருத்தப்பட்டது. ஆகவே + குறியைக் காணும் மொழிபெயர்ப்பாளர், கூடுவது நீளமா மதிப்பா என்று முதலில் வினவுதல் வேண்டும்.

6.2. கலைச்சொல்லிலேயே ஒரு பல்பொருள் உள்ளது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் அணி என்பது நிரை நிரலாக எண்கள் அமைந்த கணிதப் பொருளைக் குறிக்கிறது. கணிப்பொறியியல் பாடநூல்களில் அதே சொல் தரவுத் தொகுதியைக் குறிக்கிறது. ஐந்தாம் பகுதியில் கண்ட சிக்கல் முழுவதும் இவ்விரண்டின் வேறுபாட்டையே பற்றியது. ‘அணிப் பெருக்கல்’ என்று எழுதினால் கணித மாணவர் (19, 22), (43, 50) என்றும், கணிப்பொறியியல் மாணவர் (5, 12), (21, 32) என்றும் கொள்ள இடமுண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கணிதப் பொருளுக்குத் தாயம் என்னும் சொல் வழங்குகிறது. இரண்டும் ஒருங்கு வரும் நூல்களில் அதனை மேற்கொண்டு, அணியைத் தரவுத் தொகுதிக்கே உரியதாக்குவது தெளிவு தரும். இக்கட்டுரை அம்முறையைப் பின்பற்றியது.

6.3. பணிமிகுப்பு என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு கருத்து. ஆங்கிலச் சொல்லை அவ்வாறே பெயர்த்து மிகைச்சுமை என்றால் மின்கம்பியில் அளவுமீறிய சுமை போன்ற குற்றப்பொருள் தோன்றும். பணிமிகுப்பு அக்குற்றத்தை நீக்குகிறது. எனினும் ஒரே பணி அளவில் மிகுந்தது என்று படிப்போர் கருதக்கூடும். இங்கு மிகுவது பணியின் அளவன்று, வகை. மொழியியல் நூல்களில் ‘பல்பொருளேற்றம்’ என்பதனை உடன் வழங்கினால் நம் துறைக்கும் கணிப்பொறியியலுக்கும் உள்ள உறவு விளங்கும்.

7. முடிவுரை

செயற்குறிப் பணிமிகுப்பைத் தீங்கென்று ஒதுக்குவோரும் நன்றென்று போற்றுவோரும் உளர். மேற்கண்ட சான்றுகள் அளவு காட்டுகின்றன. இனம் வேறுபட்டு, பண்புகள் ஒத்துச் செல்லுமிடத்துப் பல்பொருட்குறி நினைவுக்கு எளிமை தருகிறது. இனம் ஒன்றாகிப் பொருள் இரண்டாகுமிடத்துக் கிளந்து கூறுதலின்றி உய்வில்லை. நிரல்மொழிகள் புள்ளி சேர்த்தும் புதுக்குறி படைத்தும் இதனையே செய்துள்ளன. பொருள் தெளிவிப்பன எவை, அவை எப்போது போதா என்று இயற்கை மொழியில் நாம் கேட்கும் வினா நிரல்மொழிக்கும் உரியது.

மொழிபெயர்ப்பாளர் நிரற்பகுதியை மாற்றாமல் அவ்வாறே பதிப்பிக்கிறார்; அதன் விளக்கவுரையை மட்டுமே தமிழாக்குகிறார். பொறி இனம் நோக்கித் தானே தெளிந்துகொள்ளும். தமிழ் மாணவர்க்கு அத்தெளிவைத் தருவது அவ்விளக்கவுரையின் வினைச்சொல் ஒன்றே. அதனைத் தேர்ந்து வழங்குதல் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும்.